இல்லத்து எழிலும் இன்னுயிர் ஓம்பலும்

(பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டி நமது அறக்கட்டளை நடத்திய மகளிர் அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டை எளிய முறையில் அழகு செய்தல், சிறு தோட்டம் அமைத்தல் ஆகிய இரண்டைப் பற்றியும் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். தத்துவச் சொற்பொழிவுகள் நிறைந்த நிகழ்ச்சி நிரலில் இத்தலைப்பு சற்று ஒட்டாமல் நிற்பதாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். காலையில் பதிவு மேசையருகே ஒரு பெரியவர் புன்னகையுடன் கேட்டே விட்டார்: "பற்றை விடச் சொல்லும் விழாவில் திரைச்சீலையைப் பற்றியும் பூந்தொட்டியைப் பற்றியும் பேசப் போகிறீர்களா, அம்மா?" நல்ல கேள்வி. அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்வதே முறை.

துறவியர்க்கு வீடு இல்லை; ஆகவே வீட்டு அலங்காரமும் இல்லை. நாமோ இல்லறத்தார். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது பொருளை முற்றும் துறத்தல் அன்று. பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளுதல். பரிக்கிரக பரிமாண விரதம் என்னும் பெயரே அதைச் சொல்கிறது. மேலும், ஆதிபகவனாகிய விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்தனவாக ஆதிபுராணம் கூறும் அறுவகைத் தொழில்களை நினைவுகூருங்கள். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சில்பம் என்பன அவை. இவற்றுள் கிருஷி என்பது உழவு. சில்பம் என்பது கைவினை. இன்று நான் பேச வந்தவை இவ்விரண்டின் மிகச் சிறிய வடிவங்களே. ஒரு தொட்டியில் அவரை ஊன்றுவது உழவின் கடைக்குட்டி. பழஞ்சேலையைத் திரைச்சீலையாகத் தைப்பது கைவினையின் கடைக்குட்டி.

அழகுணர்ச்சி நம் மரபுக்கு அந்நியமும் அன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் சென்றவர்கள் அக்குடைவரையின் விதானத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தாமரைப் பொய்கை, அதில் மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், மலர் கொய்யும் மனிதர்கள். சமவசரணத்தில் அமைந்த நீர்நிலையையே அவ்வோவியம் காட்டுகிறது என்பர் அறிஞர். 9-ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சுண்ணாம்பின் வெண்மை, கரியின் கருமை, காவியின் சிவப்பு, மஞ்சட்காவி என்று மண்ணிலும் அடுப்பிலும் கிடைப்பவை அவ்வண்ணங்களுள் பல. பொன்னும் மணியும் பதிக்காமலே ஒரு கற்கூரையை நந்தவனம் ஆக்கிவிட்டார்கள். எளிய அலங்காரம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்றை நான் தேட வேண்டியதில்லை.

இனி நம் நிலைக்கு வருவோம். இவ்வரங்கில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த குடும்பத்தினர். இரண்டு தலைமுறைக்கு முன்பு நம்மவர் உழுதுண்டு வாழ்ந்தோர். திண்ணை, முற்றம், கொல்லைப்புறம், கிணற்றடி வாழைமரம் எல்லாம் இருந்தன. இன்று நமக்கு வாய்த்திருப்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளும், துணி உலர்த்துவதற்கென்று விட்ட நான்கடி அகலப் பால்கனியும். அதிலும் பலருக்கு வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூட உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். இந்நிலையில் அழகுக்கு வழி கடைத்தெருதான் என்று எண்ணிவிடுகிறோம். விளைவாக நெகிழிப் பூக்கொத்து, பீங்கான் பொம்மை, சுவரெங்கும் சட்டமிட்ட படங்கள், மூலைக்கு மூலை அலங்கார மேசை என்று வீடு நிறைந்துவிடுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டுகிறேன். பொருள் நிறைந்த வீட்டில் உயிர்க்கேடும் மிகுதி. அசையாத பொருளின் பின்னால் சிலந்தி வலை பின்னும். அட்டைப் பெட்டியின் அடியில் கரப்பான் குடியேறும். நெகிழிப் பூவின் இதழ்களிடையே தூசி படிந்து அதில் நுண்ணுயிர்கள் பெருகும். பண்டிகைக்கு முன்தினம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அத்தனையையும் ஒரே நாளில் அழிக்கிறோம். போதாதென்று மருந்தும் அடிக்கிறோம். சுவரோரம் வெறுமையாக இருந்து, தரை நாள்தோறும் மென்மையான துடைப்பத்தால் பெருக்கப்பட்டால் அவ்வுயிர்கள் அங்கே கூடு கட்டவே வாரா. மிகுபொருள் விரும்பாமையும் கொல்லாமையும் இரு வேறு விரதங்களாக ஏட்டில் இருக்கலாம். வீடு கூட்டும் பெண்ணுக்கு அவை ஒன்றே. ஆகவே அலங்காரத்தின் முதற்பணி எதையும் வாங்குவதன்று. வீட்டிலிருப்பவற்றில் பாதியை வெளியே கொடுத்துவிடுவது.

அவ்வாறு வெறுமையான சுவருக்கு வெள்ளையடித்தலே மிகச் சிறந்த அலங்காரம் என்பது என் கருத்து. நெகிழிப் பூச்சு ஏறிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. பூச்சற்ற சிமெண்டுச் சுவரிலும் பழைய காரைச் சுவரிலும் நன்றாகப் பிடிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை விலக்கிக் கற்சுண்ணாம்பைத் தேர்ந்து, முதல் நாளே நீரில் தாளித்து வைக்க வேண்டும். அப்போது நீர் கொதிக்கும். குழந்தைகளை அருகே விடலாகாது. மறுநாள் துணியில் வடிகட்டிச் சிறிது நீலம் சேர்த்து, நார்த் தூரிகையால் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். ஈரத்தில் கண்ணாடிபோல் தெரிவது கண்டு மனம் தளர வேண்டா, உலர்ந்தபின் வெளுக்கும். ஒட்டுவதற்காகப் பழைய நாளில் வச்சிரம் சேர்ப்பார்கள். அது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதற்கு மாற்றாக வேலம்பிசின் கரைசலைச் சேருங்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தை அண்டவிடாது என்பது கூடுதல் நன்மை.

மரச்சாமான்களுக்கும் இக்கவனம் வேண்டும். தச்சர்கள் பூசும் பாலிஷில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். அரக்கு என்பது ஒரு சிறுபூச்சியின் கசிவு. எடுக்கும்போது அப்பூச்சிகள் மடிகின்றன. பழைய பலகைக்கும் நாற்காலிக்கும் ஆளிவிதை எண்ணெய் போதும். மெல்லத் தேய்த்து இரண்டு நாள் காயவிட்டால் மரத்தின் இழையோட்டம் தெளிவாகத் தெரியும். தேய்த்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயப்போடுங்கள்.

திரைச்சீலைக்குப் பழைய நூற்சேலையே தகுதியானது. ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இரண்டு கதவுத் திரைகளை இரண்டே கால் மீட்டர் வீதம் வெட்டிக்கொள்ளலாம். எஞ்சிய முந்தானைப் பகுதி தலையணை உறைகளாகும். சேலையின் கரை இருபுறமும் சட்டம்போல் மேலிருந்து கீழ் இறங்குவதால் தனியே அலங்காரத் தையல் தேவையில்லை. பழம் பட்டுச்சேலையைத் திரையாக்கலாமா என்று சென்ற ஆண்டு ஒரு சகோதரி கேட்டார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் கொதிநீரில் மாண்டிருக்கின்றன. பெட்டியில் இருப்பதைக் கிழித்தெறிவதால் அவை மீளப்போவதில்லை. ஆனால் புதிதாக வாங்காதிருக்கலாம். ஆரணி உறவினர்கள் என்மீது வருத்தம் கொள்ளலாகாது. அவ்வூர் நெசவாளர் கைத்திறனை நூற்புடவையிலும் காட்ட வல்லவர்களே.

தோரணத்துக்கு ஆண்டுதோறும் தென்னங்குருத்தை வெட்டுவதற்குப் பதிலாகத் துணித்தோரணம் ஒன்றைத் தைத்து வைத்துக்கொண்டால் பத்து விழாக்களுக்குப் பயன்படும். அதில் எதை வரைவது என்று தயங்க வேண்டியதில்லை. நம் அஷ்டமங்கலங்களை எண்ணிப் பாருங்கள்: கெண்டி, கலசம், கண்ணாடி, சாமரம், கொடி, விசிறி, குடை, சுப்ரதிஷ்டம். இவற்றில் பல வீட்டில் புழங்கும் பொருள்களே. குடமும் விசிறியும் குடையும் கண்ணாடியும் மங்கலம் என்று நம் முன்னோர் கருதினார்கள். குழந்தைகளை அமர்த்திக் கனத்த தாளில் இவ்வெட்டையும் வெட்டச் செய்து, துணியின்மேல் வைத்துக் காவிக் கரைசலை ஒற்றி எடுக்கலாம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். வடிவம் கோணலானால் இருக்கட்டும். கடையில் வாங்கியதில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

கோலத்தைப் பற்றி ஒரு சொல். அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவு என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் வாயிற்படிக்கு முன்னுள்ள இடமே நடைவழி. எறும்பை விருந்துக்கு அழைத்து, விருந்து நடக்கும் இடத்திலேயே நாம் மிதித்து நடக்கிறோம்! நடைவழியில் கற்பொடிக் கோலம் இடுங்கள். அரிசிமாவைப் பால்கனியில் செடித்தொட்டிகளின் ஓரமாக, கால் படாத இடத்தில் இடுங்கள். எறும்புகள் அமைதியாக உண்டு செல்லும். அதுபோலவே மாலை விளக்கு. வெண்ணிற விளக்கைக் காட்டிலும் மஞ்சள் ஒளி விளக்கைப் பூச்சிகள் குறைவாகவே நாடும். அகல்விளக்கு ஏற்றுவோர் அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள்.

இனித் தோட்டம். இதில்தான் நம்மவர்க்கு உண்மையான தயக்கம் உண்டு. அதை மேலோட்டமாகக் கடந்துவிட நான் விரும்பவில்லை. மண்ணைக் கிளறினால் உயிர்கள் வருந்தும். நீர் ஊற்றினால் நீருயிர். செடியோ ஓரறிவுயிர், அதன் இலையைக் கிள்ளுவதும் இம்சையே. பூச்சி வந்தால் என்ன செய்வது? இத்தனை இம்சையை விலைகொடுத்து வாங்குவானேன், தோட்டமே வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன்.

எனினும் நம் ஆசாரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்திருக்கிறார்கள். கொல்ல வேண்டுமென்றே கொல்லும் சங்கல்பி. சமைத்தல், பெருக்கல் முதலிய இல்லப் பணிகளில் நேரும் ஆரம்பி. உழவு முதலிய தொழிலில் நேரும் உத்தியோகி. தற்காப்பில் நேரும் விரோதி. இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டியது முதலாவது; ஏனையவற்றை விழிப்புடன் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தொட்டிச்செடிக்கு நீர் ஊற்றுவது சமையலைப் போன்ற இல்லப் பணி. பூச்சிமருந்துப் புட்டியைக் கையில் எடுப்பது வேறு வகை. எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டம் இல்லாத வீடு இம்சையற்ற வீடு ஆகிவிடுவதில்லை. சந்தையிலிருந்து வரும் பளபளப்பான கத்தரிக்காய்க்கு யாரோ ஒருவர் நமக்காக மருந்து அடித்திருக்கிறார். நாம் பார்க்கவில்லை, அவ்வளவே. நான்கு தொட்டியில் விளைவது நம் அடுப்புக்குப் போதாது. சந்தைக்குப் போவது நிற்கப்போவதும் இல்லை. ஆனால் ஒரு காய் விளைவதற்குள் எத்தனை உயிர்கள் அதனைச் சூழ்ந்து வாழ்கின்றன என்பதைக் கண்ணால் கண்டவர், பிறகு உணவை வீணாக்க மாட்டார்.

அமைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் விழுந்தால் காய்கள். மூன்று நான்கு மணி நேரம் என்றால் கீரையும் கற்பூரவல்லியும். வெயிலே இல்லையெனில் மணிபிளாண்ட் போன்ற இலைச்செடிகள். செம்மண், மக்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு மூன்றையும் கலந்தால் எடை குறையும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறையாவது நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். ஒரு கன அடி ஈரமண் ஏறத்தாழ 45 கிலோ எடை இருக்குமாதலால் மொட்டைமாடியின் நடுவில் தொட்டிகளைக் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல்லின்மேல் உயர்த்தி வையுங்கள். காற்றும் போகும், கூரையும் கெடாது.

தொட்டியின் அடியில் நீரேந்தும் தட்டு வைக்க வேண்டாம் என்பது என் முதல் விதி. தேங்கிய நீரில் இட்ட முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். பிறந்த கொசுவை அடிப்பதா விடுவதா என்று பிறகு விவாதிப்பதைவிட, அது பிறக்கும் இடத்தை நாமே அமைத்துக் கொடுக்காதிருப்பது அன்றோ அறிவுடைமை? நீர் அளவாக, காலையில், வேரடியில் மட்டும். அரிசி கழைந்த நீரை அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். புளிக்கவிட்டால் ஈ மொய்க்கும்.

உரத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. "இயற்கை உரம்" என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். நாற்றங்காலில் ரோசாவுக்கென்று தரும் கலவையில் எலும்புத்தூள் இருக்கும். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம் இன்று மாடித்தோட்டக்காரரிடையே பெரும் புகழ் பெற்றிருக்கிறது. கேட்டு, படித்து வாங்குங்கள். நமக்கு வேப்பம்பிண்ணாக்கும் கடலைப்பிண்ணாக்கும் இலைமக்கும் போதும். உதிர்ந்த இலைகளைச் சாக்கில் அடைத்து, ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் சில மாதங்களில் கருத்த மக்கு கிடைக்கும். சமையலறைக் கழிவைத் திறந்து வைத்தால் புழு வைக்கும். அதன்மேல் ஒவ்வொரு முறையும் காய்ந்த இலையைப் பரப்பி மூடினால் பெருமளவு வைக்காது.

இனிப் பூச்சிகள். மஞ்சள் ஒட்டுப்பொறியை "மருந்தில்லாத முறை" என்று விற்கிறார்கள். பூச்சியை ஒட்டவைத்து நாள்கணக்கில் துடிக்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேப்பெண்ணெயும் முற்றிலும் குற்றமற்றது என்று சொல்ல இயலாது. பூச்சியின் உணவு நாட்டத்தைக் கெடுத்து, வளர்ச்சியைத் தடுத்து, முடிவில் அழிப்பதே அதன் செயல். நம்மால் இயல்வன வேறு. செடிகளை நெருக்காமல் காற்றோட்டமாக வைத்தல். இளஞ்செடியை மெல்லிய வலையால் மூடிவைத்தல். அசுவினி காணத் தொடங்கிய முதல் நாளே இலையின் அடிப்புறத்தை நீரால் கழுவிவிடுதல். அளவுக்கு மீறித் தாக்கப்பட்ட கொம்பைக் கத்தரித்து ஆளில்லாத புதரோரம் இட்டுவருதல். தட்டைப்பயறு இரண்டு மூன்றைத் தனியே ஊன்றினால் அசுவினி பெரும்பாலும் அதையே நாடும். பொறிவண்டும் தேடி வரும். பொறிவண்டு அசுவினியை உண்பது அவற்றின் வாழ்வு. அதில் நம் கை இல்லை. இத்தனைக்குப் பிறகும் சில செடிகள் போய்விடும். போகட்டும். விளைச்சலில் ஒரு பங்கு பிறவுயிர்க்கு என்று முன்பே எழுதிவைத்துவிட்டால் மனம் பதறுவதில்லை.

அப்பங்குக்கு நான் பெரிதும் பரிந்துரைப்பது இரண்டாவதாக ஒரு கறிவேப்பிலைச் செடி. ஒன்று சமையலுக்கு, ஒன்று வண்ணத்துப்பூச்சிக்கு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் பூச்சிகள் உண்டு. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்று ஆர்வலர்கள் அவற்றுக்கு இனிய பெயரிட்டிருக்கிறார்கள். குஞ்சுப்புழு முதலில் பறவை எச்சம்போல் இருக்கும். பறவை கண்டு ஏமாறுவதற்காக. வளர்ந்தபின் பச்சை நிறமாகிவிடும். சமையற்செடியில் அதைக் கண்டால் இலையோடு எடுத்து மற்றச் செடியில் விட்டுவிடலாம். பின்னர் அது கூட்டுப்புழுவாகி, ஒரு காலையில் சிறகு உலர்த்திப் பறக்கும் காட்சியைக் குழந்தைக்குக் காட்டுங்கள். பட்டுச்சேலையைப் பற்றி நான் மேலே சொன்னதை அதன்பின் அக்குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டியிராது.

பூஞ்செடியில் எனக்குப் பவழமல்லிமீது தனி அன்பு. இரவில் மலர்ந்து, விடியுமுன் தானே உதிர்ந்துவிடும். கொய்ய வேண்டிய தேவையே இல்லாத மலர். அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு உறங்கினால் போதும். பெரிய தொட்டியிலும் வளரும்.

மரம் வைக்க இடமிருப்போர்க்கு ஒரு குறிப்பு. அருகப் பெருமானுக்குரிய எட்டுச் சிறப்புகளுள் ஒன்று அசோக மரம். பிண்டி என்று தமிழ் நூல்கள் போற்றுவது அதனையே. ஆனால் நாற்றங்கால்களில் "அசோகா" என்று கேட்டால் ஊசிபோல் நெட்டையாக வளரும் நெட்டிலிங்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நகரத்துச் சுற்றுச்சுவரோரம் வரிசையாக நிற்பது அதுதான். மெய்யான அசோகம் வேறு. செம்மஞ்சள் நிறப் பூங்கொத்துகள் தண்டிலேயே பூக்கும். செம்பு நிறத் தளிர்கள் துவண்டு தொங்கும். அதனை வளர்க்க நிழலும் ஈரமும் பொறுமையும் வேண்டும். நம் திருக்கோயில்களின் வளாகங்களில் இடம் இருக்கிறது. திருப்பருத்திக்குன்றத்துக் குரா மரத்தை எவ்வளவு பக்தியோடு காத்துவருகிறோம்! ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் ஒரு மெய்யான பிண்டி நின்றால் எப்படியிருக்கும் என்பதை நம் பொறுப்பாளர்களின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

உருளை, வெங்காயம், முள்ளங்கி முதலியவற்றை விலக்கும் வீடுகளுக்குத் தொட்டியில் இடம் மிச்சம் என்பது ஒரு வசதிதான்! மழைக்காலச் சாதுர்மாசத்தில் கீரையை விலக்குவோர், அப்பருவத்தில் கொடிகளை ஏற்றிவிடலாம். ஆடியில் ஊன்றும் அவரை தையில் காய்க்கும். இந்த அவரையைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் மூன்று ஏக்கர் நிலத்தைக் கணவரோடு சேர்ந்து பார்த்தவர். கணவர் மறைந்தபின் மகன் சென்னைக்கு அழைத்துவந்து ஐந்தாம் மாடியில் குடியமர்த்தினார். குறையொன்றும் வைக்கவில்லை, தனியறை, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. ஆனால் அம்மையார் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நாளுக்கு நான்கு சொற்களோடு நின்றுவிட்டார். மருத்துவரிடமும் காட்டினார்கள். பள்ளியில் செய்முறைப் பாடத்துக்காகப் பேத்தி ஆறு அவரை விதைகளைக் கொண்டுவந்து தொட்டியில் ஆழமாகப் புதைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து எழுந்து வந்த அம்மையார், "அவ்வளவு ஆழம் வேணாம் கண்ணு, ஒரு விரக்கடை போதும்" என்றாராம். பல மாதங்களுக்குப் பின் அவர் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அது என்று அவருடைய மருமகள் என்னிடம் சொன்னபோது இருவருமே சற்று நேரம் பேசவில்லை.

கொடி படர்ந்தது. ஐப்பசியில் பேத்தி, "ஆயா, இலைதான் வருது, பூவே காணோம். உரம் போடலாமா?" என்று கேட்டாள். கைப்பேசியில் யாரோ ஒருவர் ஏதோ மருந்தைத் தெளிக்கச் சொல்லியிருந்தார். "பகல் குறுகணும்டி. மார்கழிப் பனி விழட்டும், அப்புறம் பேசு" என்றார் அம்மையார். நாட்டவரை பகற்பொழுது குறையும்போது பூக்கும் செடி. அறிவியல் நூல் சொல்வதை அவர் அறுபது ஆண்டுகளாகக் கண்ணால் கண்டு அறிந்திருந்தார். மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. அசுவினி வந்தது; பழைய துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்துவிட்டார். தையில் மாடிப்படி ஏறிவந்த அண்டை வீட்டார்க்கெல்லாம் கைப்பிடி அளவு அவரை கிடைத்தது. இன்று அக்குடியிருப்பில் எட்டு வீட்டுப் பெண்கள் எப்போது எதை ஊன்றுவது என்று அவரிடம் வந்து கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் இன்னொரு மகன்கூடக் காணொளி அழைப்பில் தொட்டிகளைத்தான் முதலில் பார்க்கிறாராம்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் இல்லத்தில் ஊரைவிட்டு வந்த மாமியாரோ தாயாரோ மாமனாரோ இருந்தால், தொட்டியை நீங்களே வாங்கி நீங்களே நட்டு நீங்களே நீர் ஊற்றிவிடாதீர்கள். மண்ணை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு எப்படிச் செய்வது என்று கேளுங்கள். குனிய இயலாதவர்க்குத் தொட்டியை இடுப்பளவு பலகையில் ஏற்றி வையுங்கள். நிழலில் ஒரு முக்காலி. அருகே பறவைகளுக்கு ஆழமில்லாத மண்சட்டியில் நீர். இது சித்திரை வெயில், நாள்தோறும் நீரை மாற்றுங்கள். துணிக்கொடியிலோ தொட்டியோரத்திலோ தேன்சிட்டு கூடு கட்டிவிட்டால் ஏறத்தாழ ஒரு மாத காலம் அவ்விடத்தை அதற்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான். துணியை உள்ளே உலர்த்திக்கொள்ளலாம்.

நேரம் கடந்துவிட்டதாகத் தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். வாயிலருகே மேசையில் சிறு தாள்பொட்டலங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஐந்து நாட்டவரை விதைகளும், நான்கு தட்டைப்பயறும் உண்டு. நம் உறுப்பினர் வீடுகளில் விளைந்து காய்ந்தவை, மருந்து தடவாதவை. குடும்பத்துக்கு ஒரு பொட்டலம் எடுத்துச் செல்லுங்கள். தட்டைப்பயறை இப்போதே ஊன்றலாம். அவரையைச் சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் இட்டு ஆடிவரை வையுங்கள். விளைந்தால் அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒரு கைப்பிடி விதை திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.